பனியில் நிற்கும் பனை

பனைமரம் எங்கே வளரும்? வெயில் காயும் இடத்தில் வளரும். செம்மண் மேட்டில் வளரும். கடற்கரை மணலில் வளரும். தென்னையும் அப்படித்தான். ஈச்சையும் அப்படித்தான். பனைக் குடும்பத்து மரங்களில் பெரும்பாலானவை சூட்டை விரும்புகிறவை.

ஆனால் பனி விழும் மலையிலும் ஒரு பனை நிற்கிறது. வெளிநாட்டில் அல்ல. நம் இந்தியாவில்தான்.

பனி என்றால் காலையில் புல்லின் நுனியில் துளித்துளியாக நிற்குமே, அந்தப் பனி அல்ல. வானத்திலிருந்து பஞ்சு போல விழும் பனி. அது கூரைமேல் குவியும். பாதையை மூடும். வாளியில் வைத்த தண்ணீர் இரவில் கட்டியாகிவிடும். அப்படிப்பட்ட குளிரில் இந்தப் பனை பச்சை ஓலையோடு நிற்கும். ஓலைமேல் வெள்ளையாகப் பனி கிடக்கும். வெயில் வந்ததும் பனி சரிந்து விழும். ஓலை மறுபடி நிமிர்ந்துகொள்ளும்.

இதன் பெயர் தாகில் பனை.

இமயமலை ஓரத்தில் உத்தராகண்ட் மாநிலம் இருக்கிறது. முன்பு அது உத்தரப் பிரதேசத்தோடு சேர்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டு தனி மாநிலம் ஆனது. அதன் கிழக்குப் பகுதிக்குக் குமாவுன் என்று பெயர். குமாவுனில் பித்தோராகட் என்று ஒரு மாவட்டம். அதற்குக் கிழக்கே நேபாளம். வடக்கே திபெத். பித்தோராகட் நகரத்துக்கு அருகே தாகில் என்ற மலை இருக்கிறது. தல்கேதார் என்றும் அதைச் சொல்வார்கள். மலைமேல் சிவன் கோயில் உண்டு. அந்த மலையின் பெயர்தான் மரத்துக்கும் வந்தது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டர் உயரத்தில், ஈரமான மலைச்சரிவுகளில் இந்தப் பனை காடாக வளர்கிறது. சுற்றிலும் பாஞ்ச் மரங்கள் இருக்கும். பாஞ்ச் என்பது ஓக் மரத்தில் ஒரு வகை. இடையிடையே புராஞ்ச் மரங்கள் சிவப்புப் பூவோடு நிற்கும். இவற்றின் நடுவே பனை ஓலை தெரிந்தால் புதிதாகப் பார்ப்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

1905ஆம் ஆண்டு ஒடோஆர்டோ பெக்காரி என்ற இத்தாலி நாட்டு அறிஞர் இந்த மரத்துக்கு அறிவியல் பெயர் வைத்தார். டிராக்கிகார்பஸ் தாகில் என்பது அந்தப் பெயர். வாயில் நுழையாத பெயர்தான். நாம் தாகில் பனை என்றே சொல்வோம்.

குளிரை எப்படித் தாங்குகிறது?

மரத்தைப் பார்த்தால் பாதி விடை தெரிந்துவிடும். இதன் ஓலை விசிறி போல இருக்கும். நம் பனை ஓலையை விடச் சிறியது. விறைப்பாக இருக்கும். நுனியில் நிறையக் கீறல்கள் இருக்கும். அதனால் பனி ஓலைமேல் தங்காது. கீறல் வழியாக நழுவிவிடும்.

அடுத்தது பன்னாடை. தென்னையிலும் பனையிலும் மட்டையின் அடியில் வலை போல ஒன்று சுற்றியிருக்கும். சல்லடைத் துணி போல இருக்கும். அதுதான் பன்னாடை. தாகில் பனையில் இந்தப் பன்னாடை மிகவும் அடர்த்தி. பழுப்பு நிற நாராகத் தண்டைச் சுற்றிப் படிந்திருக்கும். கம்பளி போர்த்தியது போல இருக்கும். வயதான மரத்தில் கீழ்ப்பகுதி நார் உதிர்ந்து தண்டு வெறுமையாகத் தெரியும். ஆனால் உச்சியில் நார் இருந்துகொண்டே இருக்கும்.

ஏன் உச்சியில்? அங்கேதான் குருத்து இருக்கிறது.

பனைக்கு ஒரே ஒரு குருத்து. மாமரத்தில் ஒரு கிளை ஒடிந்தால் இன்னொரு கிளை வரும். வேம்பை மொட்டையாக வெட்டினாலும் தழைத்துவிடும். பனை அப்படி இல்லை. குருத்து போனால் மரமே போயிற்று. இதில் தென்னை, பனை, ஈச்சை, தாகில் எல்லாம் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. பனையின் காயம் ஆறாது. மாமரத்தில் வெட்டுப்பட்ட இடத்தைப் பட்டை வளர்ந்து மூடும். பனைக்கு அப்படி மூடும் பட்டை இல்லை. தென்னையில் ஏறுவதற்குக் கொத்திய படியைப் பாருங்கள். முப்பது வருடம் ஆனாலும் அந்தக் கொத்து அப்படியே இருக்கும்.

இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குருத்து ஒன்றுதான். காயம் ஆறாது. பனை வளர்ப்பில் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

மரம் ஏன் குறைந்தது?

தாகில் பனை காட்டில் மிகவும் குறைந்துவிட்டது. காரணம் அதன் நார்தான். அந்த நாரில் நல்ல கயிறு திரிக்கலாம். தண்ணீரில் நனைந்தாலும் சீக்கிரம் இற்றுப் போகாது. மலைக்கிராமத்தில் கயிறு இல்லாமல் ஒரு நாள் நகராது. மாட்டைக் கட்டக் கயிறு வேண்டும். புல்லுக்கட்டு, விறகுக்கட்டு கட்டக் கயிறு வேண்டும். அதனால் நாருக்காக மரத்தையே சாய்த்தார்கள். சாய்த்த மரம் ஒரு தடவைதான் நார் தரும்.

சீனாவில் இந்த மரத்தின் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அங்கே அதை வயல் ஓரத்தில் நட்டு வளர்த்தார்கள். மரத்தை வெட்டாமல், கீழே முற்றிய நாரை மட்டும் உரித்து எடுத்தார்கள். கயிறு திரித்தார்கள். மழைக்குப் போர்த்திக்கொள்ளும் நார்ச்சட்டைகூடச் செய்தார்கள். அந்த மரம் இன்றும் அங்கே ஏராளமாக இருக்கிறது. வெட்டியவர்கள் ஏழைகள், அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நட்டு வளர்க்கும் பழக்கம் வரவில்லை, அதுதான் வேறுபாடு.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் குளிர் அதிகம். அங்கே தோட்டத்தில் பனை வளர்க்கப் பலருக்கு ஆசை. குளிர் தாங்கும் பனை என்றால் தேடி வாங்குகிறார்கள். தாகில் பனை விதைக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. சொந்த மாவட்டத்தில் அதன் பெயர்கூடத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

மலைநகரங்களில் பள்ளி வாசலில், அலுவலக வாசலில் அழகுக்காகப் பனை வைக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் வீடுகளிலும் வைக்கிறார்கள். இந்த வேலைக்குத் தாகில் பனை மிகப் பொருத்தம். இடத்தை அடைக்காது. வேர் சுவரைப் பிளக்காது. ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். வாசலில் வளர்ந்தால் விதையும் கிடைக்கும். அந்த விதையிலிருந்து இன்னும் பத்து வாசலுக்கு நாற்று கிடைக்கும்.

காட்டிலிருந்து பிடுங்கலாமா?

கூடாது. பலர் இதைத்தான் முதலில் நினைப்பார்கள். காட்டில் முழங்கால் உயரத்தில் ஒரு கன்று நிற்கும். தோண்டி எடுத்து வந்து வாசலில் வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த உயரம் வரவே அதற்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கல்லிடுக்கில் வேர் பின்னிக் கிடக்கும். தோண்டும்போது பாதி வேர் அறுந்துவிடும். வாசலில் வைத்த கன்று ஒரு கோடையோடு காய்ந்துவிடும். காட்டிலும் ஒன்று குறைந்தது. வாசலிலும் ஒன்றும் இல்லை.

பழத்தை எடுப்பதுதான் சரி. அதையும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். குமாவுனில் வன் பஞ்சாயத்து என்ற அமைப்பு இருக்கிறது. ஊர்க்காட்டை ஊர்மக்களே பார்த்துக்கொள்ளும் பஞ்சாயத்து அது. ஆங்கிலேயர் காலத்தில் அரசாங்கம் காடுகளை எடுத்துக்கொண்டபோது மக்கள் எதிர்த்தார்கள். அதற்குப் பிறகு 1931ஆம் ஆண்டு இதற்கு விதிகள் வந்தன. ஊர்க்காட்டில் பழம் பொறுக்க வன் பஞ்சாயத்திடம் கேட்க வேண்டும். அரசு காடு என்றால் வனத்துறையிடம் கேட்க வேண்டும். வனத்துறை நாற்றங்காலில் நாற்று இருக்கிறதா என்றும் விசாரிக்கலாம்.

கடையில் நாற்று வாங்கினால் ஒரு எச்சரிக்கை. சீனப் பனையும் தாகில் பனையும் சிறு வயதில் ஒன்று போலவே இருக்கும். பழகிய தோட்டக்காரரே தடுமாறுவார். விற்பவர் எதையும் தாகில் என்று சொல்லலாம். விதை எந்த மரத்தில் எடுத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். காட்டுக்குப் பக்கத்தில் சீனப் பனையை நட்டால் இரண்டும் கலந்துவிடக்கூடும். பிறகு நல்ல விதை கிடைப்பது கஷ்டம்.

விதை போடுவது

மழைக்காலம் முடிந்த பிறகு பழம் பழுக்கத் தொடங்கும். முதலில் பச்சையாக இருக்கும். பழுத்தால் கருநீலம் ஆகும். மேலே சாம்பல் பூசியது போல இருக்கும். பச்சைக் காயைப் பறித்தால் முளைக்காது.

பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துத் தேய்த்தால் தோலும் சதையும் போய்விடும். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சாளம் பிடிக்கும். கழுவிய விதையை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும். விதையைக் காயவைத்துச் சேர்த்து வைப்பது கூடாது. நெல், கம்பு விதையை அப்படி வைக்கலாம். பனை விதை காய்ந்தால் உயிர் போய்விடும்.

மணலும் மக்கிய இலையும் பாதிப் பாதி கலந்து பெட்டியில் நிரப்புங்கள். விதையை ஒரு விரற்கடை ஆழத்தில் புதையுங்கள். பெட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். குளிர்காலத்தில் பெட்டியை வீட்டுக்குள், அடுப்பு இருக்கும் அறையின் மூலையில் வைக்கலாம். மண் ஈரமாக இருந்தால் போதும். சேறாகக் கூடாது.

பிறகு காத்திருக்க வேண்டும். இரண்டு மாதமும் ஆகலாம். நான்கு மாதமும் ஆகலாம். எல்லா விதையும் ஒரே நாளில் முளைக்காது. முளைக்கவில்லை என்று பெட்டியைக் கொட்டிவிட்டவர்கள் நிறையப் பேர். கொட்டிய இடத்தில் அடுத்த மாதம் முளைத்து நிற்கும்.

முளைத்த பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது. முதல் ஓலை விசிறியாக வராது. ஒற்றை இலையாக, நீளமாக வரும். பார்த்தால் புல்தான். களை என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். தொட்டுப் பாருங்கள். புல் துவளும். பனை இலை விறைப்பாக இருக்கும். நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அதைக் காட்டி வையுங்கள். ஒரு குச்சி நட்டு அடையாளம் செய்து வையுங்கள்.

இரண்டு இலை வந்ததும் ஒவ்வொரு கன்றையும் தனிப் பையில் மாற்றலாம். கறுப்புப் பாலிதீன் பை போதும். ஆழமான பையாக இருக்கட்டும். வேர் நேராகக் கீழே இறங்கும். முதல் இரண்டு ஆண்டு பாதி நிழலில் வைக்க வேண்டும். காட்டில் பெரிய மரங்களின் கீழே வளர்ந்த சாதி இது. இளங்கன்று சுள்ளென்ற வெயிலைத் தாங்காது. மூன்றாம் ஆண்டு வாக்கில் ஓலை கீறிக்கொண்டு விசிறி போல ஆகும். அப்போது மண்ணில் நடலாம்.

மண்ணில் நடுவது

மலையில் ஜூன் பாதியில் மழை தொடங்கும். ஜூலை மாதம் நடுவதற்கு நல்ல காலம். வன மகோத்சவம் என்ற மரம் நடு விழாவும் ஜூலையில்தான். 1950ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் அது நடக்கிறது. விழாவில் நட்ட கன்றுகள் அடுத்த ஜூலை வரை இருக்கின்றனவா என்பது வேறு விஷயம்.

இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலே மின்கம்பி போகக் கூடாது. இந்த மரம் முப்பது அடிக்கு மேலும் வளரும். கம்பியைத் தொட்டால் மின்துறை ஆட்கள் வெட்டுவார்கள். கிளையை வெட்டினால் வேறு மரம் பிழைக்கும். பனையை வெட்டினால் குருத்துதான் வெட்டுப்படும். வீட்டுச் சுவரிலிருந்து ஆறேழு அடி தள்ளி நடுங்கள். கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும் இடமும் வேண்டாம். பலமான காற்று ஓலையைக் கிழிக்கும். ஆகவே வீடோ மதிலோ காற்றை மறைக்கும் பக்கம் நல்லது.

இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் குழி எடுங்கள். எடுத்த மண்ணோடு ஒரு கூடை மக்கிய சாணம் சேருங்கள். களிமண்ணாக இருந்தால் மணலும் சரளையும் சேருங்கள். தண்ணீர் தேங்கினால் இந்த மரம் சாகும். பனியைத் தாங்கும், சேற்றைத் தாங்காது. சரிவான நிலத்தில் கன்றுக்குப் பின்னால் சிறு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் மழைத்தண்ணீரைத் திருப்பி விடுங்கள்.

நடும் ஆழம் மிக முக்கியம். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்க வேண்டும். ஆடாமல் நிற்கட்டும் என்று சிலர் கழுத்துவரை புதைப்பார்கள். சிறு கன்றில் குருத்து மண்ணை ஒட்டித்தான் இருக்கிறது. புதைத்தால் அழுகிவிடும். ஆடுகிறது என்றால் பக்கத்தில் குச்சி நட்டு லேசாகக் கட்டுங்கள். ஆணி அடிக்காதீர்கள். கம்பியால் இறுக்காதீர்கள்.

சுற்றிலும் முள்வேலி போடுங்கள். ஆடு ஒரு நிமிடத்தில் மூன்று வருட வேலையைத் தின்றுவிடும்.

பாஞ்ச் இலையை அள்ளி வந்து தூரைச் சுற்றி மூடாக்குப் போடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். பைன் ஊசி இலை வேண்டாம். அதை அங்கே பிரூல் என்பார்கள். அது எளிதில் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஏப்ரல் முதல் மழை வரும் வரை மலைக்காட்டில் தீ பிடிப்பது பிரூலால்தான். ஒரு பொறி போதும். பனையின் நாரில் தீ ஏறினால் உச்சிவரை ஓடும். மரத்தைச் சுற்றி நான்கடி தூரத்துக்குப் பிரூலைக் கூட்டி அள்ளிவிடுவது நல்லது.

முதல் இரண்டு கோடையில் வாரம் இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மலையிலும் தண்ணீர்க் கஷ்டம் உண்டு. பெண்கள்தான் தூரத்திலிருந்து குடத்தில் சுமந்து வருகிறார்கள். அந்தத் தண்ணீரை மரத்துக்குக் கேட்பது நியாயம் இல்லை. பாத்திரம் அலசிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் போதும். சோப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம். மூன்றாம் ஆண்டிலிருந்து மழையே போதும்.

மழைக்கு முன் ஆண்டுக்கு ஒரு கூடை மக்கிய சாணம் வையுங்கள். ஒரு கை அடுப்புச் சாம்பலும் தூவுங்கள். சாம்பலில் சாம்பல் சத்து இருக்கிறது. பனைக்கு அது நிறைய வேண்டும்.

வெட்டும் கை

மரம் ஆள் உயரம் வந்ததும் வீட்டில் யாருக்காவது கை அரிக்கும். அழகு செய்கிறேன் என்று அரிவாளை எடுப்பார்கள். குமாவுனில் அண்ணனை ‘தாஜ்யூ’ என்று அழைப்பார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் இப்படிப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

“தாஜ்யூ, கீழ் ஓலை எல்லாம் மஞ்சளாகிவிட்டது. வெட்டிவிடட்டுமா?”

“முழுதாகக் காய்ந்துவிட்டதா?”

“இல்லை. நுனி மட்டும் மஞ்சள். அடி பச்சை.”

“அப்படியானால் விட்டுவிடு தம்பி. மரத்துக்குச் சாம்பல் சத்து போதவில்லை. புது ஓலைக்கு வேண்டிய சத்தை இந்தப் பழைய ஓலையிலிருந்துதான் எடுக்கிறது. இதை வெட்டினால் அடுத்த ஓலையிலிருந்து எடுக்கும். அதுவும் மஞ்சளாகும்.”

“இந்த நாரையாவது உரிக்கலாமா? தண்டு வழவழப்பாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும்.”

“மார்கழியில் உன் கம்பளியைக் கழற்றிவிட்டு வெளியே நின்று பார். பிறகு சொல்.”

அண்ணன் சொன்னது சரி. முழுதாகக் காய்ந்து தொங்கும் ஓலையை மட்டும் வெட்டலாம். அதையும் தண்டை ஒட்டி வெட்டாமல் அரையடி மட்டையை விட்டு வெட்ட வேண்டும். மட்டை ஓரத்தில் சின்னப் பற்கள் இருக்கும். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கயிறுக்கு நார் வேண்டுமா? கீழே காய்ந்த மட்டையோடு இருக்கும் நாரை எடுக்கலாம். பச்சை மட்டையைச் சுற்றியிருக்கும் நாரைத் தொடவே கூடாது.

பனி பலமாக விழுந்த காலையில் ஓலைகள் தரையைத் தொடும் அளவு வளைந்திருக்கலாம். மென்மையான துடைப்பத்தால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். பனி உதிரும். ஓலை உறைந்து கட்டியாக இருந்தால் தட்டக் கூடாது, ஒடிந்துவிடும். வெயில் வரும் வரை விட்டுவிடுங்கள். வெந்நீர் ஊற்றும் புத்திசாலிகளும் உண்டு. மரத்தைக் கொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

குருத்து அழுகினால்

குருத்துக்குள் தண்ணீர் தங்கி, அது உறைந்து, பிறகு உருகினால் சில சமயம் அழுகல் வரும். நடு ஓலை வாடும். மற்ற ஓலைகள் பச்சையாகவே இருக்கும். அதனால் பலர் கவனிப்பதில்லை. நடு ஓலையைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் அழுகல்தான். நாற்றமும் அடிக்கும்.

உடனே கைவிட வேண்டாம். அழுகிய பாகத்தைச் சுத்தமான கத்தியால் வழித்து எடுங்கள். பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிறகு போர்டோ கலவை ஊற்றலாம். தென்னைக் குருத்து அழுகலுக்கும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பத்து கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறு அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்சட்டியில் கரைக்க வேண்டும். இரும்பு, பித்தளைப் பாத்திரம் ஆகாது. துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். ஒரு இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். படியவில்லை என்றால் கலவை சரி. அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். மயில்துத்தம் விஷம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஊற்றிய பிறகு மழை நேராக விழாமல் உச்சிமேல் சில வாரங்களுக்கு ஒரு மறைப்புக் கட்டுங்கள். குருத்தின் அடி உயிரோடு இருந்தால் சில மாதத்தில் புது ஓலை எட்டிப் பார்க்கும். முதல் ஓலை கோணலாக, நுனி அறுந்து வரும். கவலை இல்லை. அடுத்தது நேராக வரும்.

சமவெளியில் வளருமா?

வளர்க்க வேண்டாம் என்பதே பதில். பனியைத் தாங்கும் இந்த மரம் இரவிலும் புழுங்கும் ஊரில் சோர்ந்துவிடும். வெயில் ஊர்க்காரர்கள் அழகுக்கு ஒரு பனை வேண்டும் என்றால் ஈச்சையை நடலாம். வறட்சியைத் தாங்கும். பழம் தரும். ஓலையில் துடைப்பம் கட்டலாம், பாய் முடையலாம். வங்காளத்தில் குளிர்காலத்தில் ஈச்சம்பதனீர் இறக்கி வெல்லம் காய்ச்சுகிறார்கள். நடும் ஆழம், தண்ணீர் வடிதல், ஓலை வெட்டுதல், குருத்தைக் காத்தல் எல்லாவற்றுக்கும் இங்கே சொன்ன முறைதான் அதற்கும்.

ஆணா, பெண்ணா?

தாகில் பனை அவசரக்காரர்களுக்கு ஏற்ற மரம் அல்ல. தண்டு கண்ணுக்குத் தெரியவே ஐந்தாறு ஆண்டு ஆகும். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு சாண், இரண்டு சாண்தான் வளரும். பூக்கப் பத்து ஆண்டுக்கு மேலும் ஆகலாம்.

கோடைத் தொடக்கத்தில் மட்டைகளுக்கு இடையே மஞ்சளாகப் பாளை வெடித்து வரும். அப்போதுதான் அது ஆண் மரமா பெண் மரமா என்று தெரியும். நம் பனையைப் போலவே இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரம் பூக்கும்; காய்க்காது. பெண் மரம் தனியாக நின்றாலும் முளைக்கும் விதை கிடைக்காது. அதனால் ஒன்று மட்டும் நடக் கூடாது. நான்கைந்து கன்றாவது, பத்தடிக்கு ஒன்றாக நட வேண்டும். ஒரு வீட்டில் அவ்வளவு இடம் இல்லை என்றால், தெருவில் வீட்டுக்கு ஒன்றாக நடலாம். பூ வந்த அன்று பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போய், அங்கே நிற்பது என்ன மரம் என்று பார்த்துவிட்டு வரலாம்.